ஓடைக்கரையில் மரமேறும் இந்தக் கொடி எந்தக் காட்டுமிளகு? (படங்கள் போட்டிருக்கிறேன்)

சவுக்குமரம் (நோர்வூட், இலங்கை மலையகம்):
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மேல் டிவிசனில், தேயிலை முடிகிற இடத்தில் ஒரு துண்டுக் காடு மிச்சம் இருக்கிறது. பீலிக்குத் தண்ணீர் வருகிற ஓடை அதற்குள்ளிருந்துதான் இறங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தக் கரைப் பாதையில் மரம் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். கித்துள், மரப்பன்னம் எல்லாம் தகராறு இல்லாமல் முடிந்தது. இந்தக் கொடியில் வந்து சிக்கிக்கொண்டோம்.

பாட்டிமார் எல்லோரும் ஒரே வார்த்தையாகக் ‘காட்டுமிளகு’ என்கிறார்கள். ஃபோனில் இருக்கிற செயலியோ முதல் படத்துக்கு மிளகு, இரண்டாவதுக்கு வெற்றிலை, மூன்றாவதுக்கு ஏதோ வீட்டுக்குள் வளர்க்கிற அலங்காரக் கொடி என்கிறது. ஒரே மரத்தில் எடுத்த படங்கள்!

படம் 1: மேலே, கை நீட்டி எடுத்தது. இலை நீளமாக, நுனி கூராக.
படம் 2: அடிமரத்தில், பாசியோடு ஒட்டி ஏறுவது. இலை சின்னது, இதய வடிவம்.
படம் 3: நடுப்பகுதி.

ஃபோன் 1240 மீட்டர் உயரம் காட்டுகிறது. காய் எதுவும் கண்ணில் படவில்லை. பலகையில் என்ன எழுதலாம்? தமிழ்ப் பெயரோடு விஞ்ஞானப் பெயரும் இருந்தால் பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்.

புகையிலைத்தாத்தா (பதுளை):
படம் 2 வெற்றிலைதான் தம்பி. ஐம்பது வருசமாக மெல்லுகிறவனுக்குத் தெரியாதா? யாரோ பழைய ஆள் நட்டு, லயத்தை (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையை) விட்டுப் போன பிறகு காட்டுக்குள் ஏறியிருக்கும்.

லிந்துலைக்குளிர்:
செயலியில் மூன்று படத்தையும் ஒரே பதிவாகச் சேர்த்துப் போட்டுப் பாருங்க. தனித்தனியாகக் கொடுத்தால் தனித்தனியாகத்தான் பதில் வரும். என்னுடையதில் மிளகு என்று தொண்ணூறு சதவீதம் காட்டியது.

மாத்தளைக்கொடி:
அந்தத் தொண்ணூறு சதவீதத்தை நம்பி நான் ஒரு கிலோ மிளகுகூட விற்க மாட்டேன் தம்பி. செயலி படித்ததெல்லாம் ஆட்கள் போட்ட படங்களை வைத்துத்தான். உலகம் முழுக்க ஆட்கள் போடுவது வீட்டுத்தோட்டத்து மிளகையும் வெற்றிலையையும்தான். நம்முடைய மலைக்காட்டுக் கொடியை அது எத்தனை தரம் பார்த்திருக்கும்? தெரிந்த பெயர்களில் எது கிட்டவோ அதைச் சொல்லிவிடுகிறது.

படம் 1, படம் 2 விசயத்துக்கு வருகிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, மிளகு போடுகிறவன். மிளகு நடுகிற எவனுக்கும் தெரிந்த ஒன்று: ஒரே கொடியில் மூன்று விதமான தண்டு உண்டு. அடியிலிருந்து கிளம்பி நிலத்தில் ஓடுவது ஒன்று. கிளிசிரிடியாவையோ முள்முருங்கையையோ பிடித்து நேராக ஏறுவது இன்னொன்று, கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தில் அப்பிக்கொள்ளும். அந்த ஏறுகொடியிலிருந்து பக்கவாட்டில் வெளியே நீள்வது மூன்றாவது. இதில்தான் காய் பிடிக்கும், இதில் பற்றுவேர் கிடையாது. ஏறுகொடியில் வெட்டி நட்டால் மரம் ஏறும். பக்கக்கிளையில் வெட்டி நட்டால் ஏறவே ஏறாது, சட்டியில் புதராக நிற்கும். அதைத்தான் நாற்றுமேடைக்காரர்கள் ‘புதர்மிளகு’ என்று விற்கிறார்கள்.

இலையும் அதேபோல்தான். ஏறுகிற தண்டின் இலை ஒரு மாதிரி, காய்க்கிற கிளையின் இலை வேறு மாதிரி. என் தோட்டத்தில் இருந்தே இரண்டு இலையைக் கிள்ளி உங்கள் கையில் கொடுத்தால் இரண்டு செடி என்று சத்தியம் செய்வீர்கள். ஆகவே அடியில் இதய வடிவம், மேலே நீள வடிவம் என்பதை வைத்து இரண்டு பெயர் தேட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கொடியாக இருக்கலாம்.

ஆனால் அது நம்ம தோட்டத்து மிளகு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்து நடு உயரத்தில்தான் மிளகுக்குக் கொண்டாட்டம். உங்கள் குளிரில் கொடி பிழைக்கும், காய்ப்பு சரியாக வராது. அதே நேரம் கொண்டைக்குருவி பழத்தைத் தின்று எங்கே எச்சம் போடும் என்று யார் கண்டது? பக்கத்து வீட்டுத்தோட்டங்களில் மிளகு இருக்கிறதா?

பேராதனைப்புல்:
மாத்தளை அண்ணா சொன்ன தண்டுக் கணக்கு அப்படியே சரி. அதற்குமேல் ஒன்று: படம் 3 மிளகுக் குடும்பமே இல்லை. பெரிதாக்கிப் பாருங்கள். இலைக்காம்பு இருபுறமும் தட்டையாக விரிந்து, அதுவே இன்னொரு இலை போல இருக்கிறது. நடுவில் ஒரு இடுக்கு, அதற்குமேல் உண்மையான இலை. அது போதோஸ் ஸ்காண்டென்ஸ், சேம்புக் குடும்பத்துக் கொடி. கணுவும் வீங்கவில்லை. மிளகுச் சொந்தங்களில் கணு விரல் மூட்டு மாதிரி புடைத்திருக்கும், உங்கள் முதல் இரண்டு படங்களிலும் அது தெரிகிறது. ஒரே மரத்தில் இரண்டு கொடி பின்னிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது ஒரு தண்டைக் கையால் பிடித்து அடியிலிருந்து மேல்வரை தொடர்ந்து பாருங்கள், அப்புறம் படம் எடுங்கள்.

ஆகவே செயலி மூன்றாவது படத்துக்கு மட்டும் ஏறக்குறைய சரியான வழியில் போயிருக்கிறது. அலங்காரக் கொடிகளில் பாதி சேம்புக் குடும்பம்தானே.

இனி எது எது வேண்டும் என்று சொல்கிறேன். இலையின் மேல்முகத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், அதில்தான் சமாச்சாரம் குறைவு. இலையைத் திருப்பி அடிமுகத்தை எடுங்கள். பிறகு அதே இலையை வானத்துக்கு எதிராகப் பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஒன்று எடுங்கள். நரம்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பது அப்போதுதான் துல்லியமாக விழும். நாம் சமைக்கிற மிளகில் பக்க நரம்புகளில் பெரும்பாலானவை இலையடியிலேயே தொடங்கும். உச்சி ஜோடி மட்டும் ஒன்றரை முதல் மூன்றரை சென்டிமீட்டர் மேலே ஏறி, அதுவும் எதிரெதிராக இல்லாமல் மாறிமாறிக் கிளம்பும். நரம்பில் மயிர் இருக்கிறதா என்பதும் முக்கியம். மிளகு முழுக்க மழமழப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியம் கதிர். பூவோ காயோ, எது இருந்தாலும். மிளகுச் சொந்தங்களில் கதிர் இலை இருக்கிற அதே கணுவில், இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும். தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா, காய்கள் தனித்தனியா ஒன்றோடொன்று ஒட்டியா, எல்லாம் வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு ரூபா நாணயம். நகை வேலைக்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் கிடைத்தால் ஃபோன் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் கதிரை எடுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் ஒரு பொடிச் செதில் இருக்கும், இனம் பிரிக்கிறவர்கள் சண்டை போடுவதே அந்தச் செதிலின் வடிவத்தில்தான்.

ஃபிளாஷ் வேண்டாம். மழைக்காட்டு இலையில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளை வெளேரென்று பளபளத்து, மயிரும் தெரியாது நரம்பும் தெரியாது.

அப்புறம், வாயில் போட்டுச் சோதிக்காதீர்கள். சேம்புக் குடும்பத்துக் கொடிகளில் ஊசி ஊசியாக ஒக்சலேட் படிகம் உண்டு, நாக்கும் தொண்டையும் அரித்து வீங்கிவிடும். கசக்கி முகர்ந்தால் போதும்.

கூதல்காற்று (இராகலை):
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கான் (வடிகால்) ஓரத்திலும் இதே மாதிரி இலை, இதே மாதிரி நரம்பு. காய் கறுப்பாகக் கொத்தாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். இதுவும் காட்டுமிளகா?

பேராதனைப்புல்:
இல்லை தங்கச்சி. இலைக்காம்பில் இருந்து இரண்டு பற்றுக்கம்பி சுருண்டு போகிறது பாருங்கள், தண்டில் முள்ளும் இருக்கிறது. அது ஸ்மைலாக்ஸ். மிளகுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, வேரால்தான் பிடிக்கும். காயும் குடை மாதிரி ஒரே புள்ளியில் இருந்து கிளம்புகிறது, கதிரில் இல்லை.

மாத்தளைக்கொடி:
முள் இருந்தால் மிளகு இல்லை. பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே காட்டில் பாதிச் சந்தேகம் தீரும்.

சவுக்குமரம்:
மேல்டிவிசனுக்குப் போய் வந்தேன். நல்ல மழை, அட்டை வேறு. அக்கா சொன்னபடியே இரண்டு கொடிதான். தட்டைக் காம்புக்காரனைத் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். மற்றது அடியில் சின்ன இலையோடு ஏறி, ஆள் உயரத்துக்கு மேல் போனதும் பக்கக்கிளை விட்டு இலை நீளமாகிறது. ஒரே தண்டு, கையால் தடவிப் பார்த்து நிச்சயப்படுத்தினேன்.

படம் 4: இலையின் அடிமுகம். நரம்பு ஓரமாக மென்மையான மயிர், கையால் தடவினாலே தெரிகிறது.
படம் 5: வானத்துக்கு எதிராக.
படம் 6: கதிர்! முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. மெல்லிசாக, மஞ்சள் கலந்த பச்சையில் தொங்குகிறது. காய் இல்லை. கீழே நிலத்திலும் இதே மாதிரிக் காய்ந்த கதிர்கள் கொட்டிக் கிடந்தன, படம் 7.

கசக்கி முகர்ந்தேன். வெற்றிலை வாசம் துளியும் இல்லை. லேசாக மிளகு மாதிரி, கொஞ்சம் பச்சை வாடை. பக்கத்தில் மிளகு போட்ட வீடு எதுவும் இல்லை, எல்லாம் கரட், லீக்ஸ்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது.

புகையிலைத்தாத்தா:
வாசம் இல்லாத வெற்றிலையும் உண்டு தம்பி. காட்டில் கிடந்தால் வாசம் போய்விடும்.

பேராதனைப்புல்:
தாத்தா, வாசம் குறையலாம், அடியோடு போகாது. அதோடு வெற்றிலையை நாம் எப்போதும் கொடியை வெட்டி நட்டுத்தான் பரப்பி வந்திருக்கிறோம், விதையால் அல்ல. காட்டுக்குள் அதுவாகப் போய்ப் பெருக அதற்கு வழி குறைவு. அந்தத் துண்டுக் காட்டில் பழைய லயமோ வெற்றிலைப் பந்தலோ இருந்த அடையாளம் இருந்தால் சொல்லுங்கள், மறுபடி யோசிக்கலாம்.

சவுக்குமரம், படங்கள் அருமை. படம் 4 ஒன்றே பெரிய கேள்வியை முடித்துவிட்டது. நரம்பில் மயிர் இருப்பதால் இது சமையல் மிளகு, அதாவது பைப்பர் நைக்ரம் இல்லை. குருவி கொண்டுவந்து போட்டதா என்ற மாத்தளை அண்ணாவின் சந்தேகமும் அதோடு போய்விட்டது. திப்பிலியும் இல்லை. திப்பிலியில் மேல் இலைகளுக்குக் காம்பே இல்லாமல் இலையடி தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும், கதிர் குட்டையாக நிமிர்ந்து நிற்கும். உங்களுடையது மேலேயும் காம்போடு இருக்கிறது, கதிர் தொங்குகிறது.

காய் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மிளகில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கொடியைத்தான் மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி நட்டு வந்திருக்கிறான். காட்டிலே நம் பக்கத்து மிளகுச் சொந்தங்கள் பெரும்பாலும் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. படம் 6 ஆண் கதிர். மகரந்தம் உதிர்ந்ததும் கதிர் முழுசாகக் கழன்று விழும், அதுதான் உங்கள் படம் 7. அந்தக் கொடி நூறு வருசம் நின்றாலும் காய்க்காது. பெண் கொடி அதே ஓடைக்கரையில் எங்கேயாவது இருக்கலாம்.

சிக்கலும் இங்கேதான். இலங்கைக்கே உரியவை என்று பட்டியலில் இருப்பவை பைப்பர் சைலானிக்கம், பைப்பர் வாக்கேரி, பைப்பர் ட்ரைனியூரான். இவை தவிரத் தென்னிந்தியாவுக்கும் நமக்கும் பொதுவானவையும் இருக்கின்றன. இவற்றைப் பிரிக்கப் பெண் கதிரும் காயும் வேண்டும். ஆண் கதிரின் செதிலை நன்றாக எடுத்தால் சிலவற்றைக் கழிக்கலாம். படம் 6ல் செதில் மங்கலாக இருக்கிறது. இதற்குமேல் நான் ஒரு இனப்பெயர் சொன்னால் அது ஊகம்.

லிந்துலைக்குளிர்:
அக்கா, இவ்வளவு படம் போட்டும் பெயர் சொல்ல முடியாது என்றால் படத்தால் என்ன பிரயோசனம்?

பேராதனைப்புல்:
மூன்று தப்பான பெயர்கள் விழுந்தது படத்தால்தானே தம்பி!

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஹர்மானிஸ் த அல்விஸும் அவருடைய பிள்ளைகளும் செடிகளை வரைந்தார்கள். அந்த மாதிரித் தாவரச் சித்திரங்களில் கிளையை ஒரு பக்கம், பூவைப் பிய்த்து இன்னொரு பக்கம், காயை வெட்டி ஒரு மூலையில் என்று எது தேவையோ அதைத் தேடி வரைவார்கள். நாம் ஃபோனைத் தூக்கி அழகான இலையை ஒரு கிளிக் எடுத்துவிட்டுப் பெயர் கேட்கிறோம். வரைகிறவர் மாதிரிப் படம் எடுத்தால் படத்தாலேயே நிறையச் சொல்லலாம்.

வேர்க்கொம்பு (பண்டாரவளை):
திப்பிலி பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மருந்து இடிக்கிறோம். திரிகடுகத்துக்கு, சுக்கு மிளகோடு சேருகிற திப்பிலிக்கு, ‘காட்டில் இருந்து எடுத்தது’ என்று சொல்லி ஏதேதோ கதிரைக் கொண்டுவந்து விற்க ஆட்கள் வருவார்கள். அப்பா முதலில் பார்ப்பது, காயைத் தனித்தனியாக உதிர்க்க முடிகிறதா என்பதைத்தான். திப்பிலியில் காய்கள் கதிரின் சதையில் பாதி புதைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காய்ந்த பிறகும் கதிர் முழுசாகத்தான் உடையும், மிளகு மாதிரி மணி மணியாக உதிராது. உதிர்ந்தால் திப்பிலி இல்லை, வாங்க மாட்டார்.

ஆனைத்திப்பிலி என்று ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும், வில்லை வில்லையாக நறுக்கி வைத்திருப்பார்கள். அது பேரில்தான் திப்பிலி. செடி அந்த மூன்றாம் படத்துக் கொடியின் சொந்தக்காரன், சேம்புக் குடும்பம்.

இதைச் சொல்வது எதற்கென்றால், பலகையில் ‘காட்டுத்திப்பிலி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மருந்துக்கு என்று யாராவது அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பக்கத்து ஓடைக்கரையில் அப்படி ஒரு கொடி மொட்டையானதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்தளைக்கொடி:
தங்கச்சி சொல்வது நியாயம்.

எனக்கு ஒரு ஆசை, கேட்டுவிடுகிறேன். அந்தக் கொடியில் ஒரு முழம் வெட்டித் தருவீர்களா தம்பி? மிளகுக்கு வேரழுகல் வந்து கொடி கொடியாகச் சாகிறது, பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சை மாதிரியான கிருமி செய்கிற வேலை. கேரளாவில் தென்னமெரிக்காவின் பைப்பர் கொலுப்ரினத்தை அடித்தண்டாக வைத்து மிளகை ஒட்டுக்கட்டுகிறார்கள், அதற்கு அந்த அழுகல் வருவதில்லை. நம்ம காட்டுக் கொடியிலும் ஒட்டுப் பிடிக்குமா என்று பார்க்கலாமே.

பேராதனைப்புல்:
அண்ணா, ஆசை நல்லதுதான், ஆனால் இப்படி இல்லை. இலங்கைக்கே உரிய இனமாக இருக்க வாய்ப்புள்ள கொடியை, பெயர் தெரிவதற்கு முன்னால் வெட்ட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி மாதிரித் தேசியப் பூங்காவுக்குள் என்றால் ஒரு இலையைக் கிள்ளினாலும் குற்றம். தோட்டத்துக் காடு என்றாலும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அரச காடு என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி. ஒட்டு ஆராய்ச்சிக்கு மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே கேளுங்கள். காட்டுமிளகு சேகரிப்பு பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சவுக்குமரம், நீங்கள் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினால், கதிரோடு ஒரு சின்னக் கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, இடம், உயரம், தேதி எழுதிப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் காட்டலாம். அங்கே பழைய மாதிரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெண் கொடியில் இருந்து எடுத்தால்தான் உத்தமம்.

சவுக்குமரம்:
நன்றி அக்கா, அண்ணா, எல்லோருக்கும். வெட்டவில்லை, பயப்பட வேண்டாம். அனுமதிக் கடிதத்தைப் பள்ளிக்கூட அதிபர் ஊடாக அனுப்பலாம் என்று பேசியிருக்கிறோம்.

பலகைக்கு இப்படி எழுதலாமா?

‘காட்டுமிளகு. பைப்பர் பேரினம். இது ஆண் கொடி, காய்க்காது. கதிரைப் பாருங்கள், பறிக்காதீர்கள்.’

இனப்பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு வைக்கிறோம். பெண் கொடியைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அந்த வரியை எழுதுகிற உரிமை என்று வகுப்பில் சொல்லிவிட்டேன், இப்போதே ஓடைக்கரைக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். பெரியவர்கள் கூடப் போகாமல் யாரையும் விடுவதில்லை. குளவிக்கூட்டுப் பக்கம் கயிறு கட்டியாயிற்று.

புகையிலைத்தாத்தா:
எழுதுங்க, எழுதுங்க. நான் நேரில் வந்து மென்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வேர்க்கொம்பு:
தாத்தா, மூன்றாம் படத்துக் கொடியை மென்றுவிடப் போகிறீர்கள்!

பேராதனைப்புல்:
பலகை வாசகம் நன்றாக இருக்கிறது. ‘பைப்பர்’ என்பதை ஆங்கில எழுத்திலும் சாய்வாக எழுதச் சொல்லுங்கள், மேல்வகுப்பில் அப்படித்தான் கேட்பார்கள். பெண் கொடியைத் தேடும்போது பிள்ளைகள் உச்சியைப் பார்த்துக்கொண்டு நடப்பதைவிட நிலத்தைப் பார்க்கட்டும். பழுத்து உதிர்ந்த சிவப்பு மணி கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடலாம். பூத்ததில் இருந்து பழுக்க மிளகுக்கு ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். இதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு என்று வைத்துக்கொண்டால் இந்த வருசமே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

மாத்தளைக்கொடி:
பலகையை அந்த மரத்தில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம் தம்பி. கம்பியும் சுற்ற வேண்டாம், ஏறுகொடியின் பற்றுவேர் அறுந்துவிடும். பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து அதில் மாட்டுங்கள். கிளிசிரிடியாக் குச்சி மட்டும் வேண்டாம், அது துளிர்த்து மரமாகிவிடும்.